இரண்டு சதவீத மாப்பிள்ளை

என் தம்பி நவாஃப் பெண் கேட்கப் போகவே இல்லை. இதை எங்கள் கரக் ஊரில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அவன் பெண் கேட்டதை மாதபா ஊரில் ஒரு கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது உண்மை, அவன் கேட்டதுதான் பொய். நடந்ததை முழுக்க அறிந்தவர்கள் மூன்றே பேர். அதில் வாய் உள்ளவள் நான் ஒருத்திதான் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

நவாஃப் நில அளவைத் துறையில் இருக்கிறான். முப்பத்தாறு வயது, நல்ல உயரம், குரல் மட்டும் கொஞ்சம் உள்ளே போன குரல். குரல் உள்ளே போனது கையால்தான். முப்பது வயதில் இரண்டு உள்ளங்கையும் தடித்து, வெடித்து, வெடிப்பில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. அப்புறம் நகங்கள் மஞ்சளித்து, சதையிலிருந்து பிரிந்து தூக்கிக்கொண்டன. டாக்டர்கள் சொரியாசிஸ் என்றார்கள். எங்கள் பாஷையில் அதற்குச் சிப்பியின் பெயர். செதில்கள் சிப்பி போல மினுங்குகின்றனவாம். அந்தப் பெயரை வைத்தவனுக்குச் சொந்தக் கை நன்றாக இருந்திருக்க வேண்டும்.

வேறு இடத்தில் வந்திருந்தால் சட்டையைப் போட்டு மூடியிருப்பான். கையை எங்கே கொண்டு வைப்பது? எங்கள் குடும்பக் கூடத்தில் வருகிறவர்களுக்குக் காப்பி ஊற்றுகிறவன் அவன்தான், பதினான்கு வயதிலிருந்து. அதை விட்டான். கலியாணங்களில் ஒரே தட்டைச் சுற்றி எட்டுப் பேர் நின்று, ஆட்டுக்கறியும் தயிர்ச்சோறுமாக வலக்கையால் உருட்டிச் சாப்பிடுவோம். அந்தத் தட்டில் கை வைக்க மாட்டேன் என்று கலியாணங்களுக்கே போவதை நிறுத்தினான். யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொன்னதில்லை. பக்கத்தில் நிற்கிறவர் இரண்டு விரல்கடை நகர்ந்து நிற்பார், அவ்வளவுதான். அதற்கு அவர் திட்டியிருக்கலாம், திருப்பித் திட்டவாவது முடிந்திருக்கும்.

எங்கள் மாடியில் நின்றால் தூரத்தில் சாக்கடல் தெரியும். இதே வியாதிக்காரர்கள் எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வந்து, அந்தத் தண்ணீரில் மிதந்து, தோல் தெளிந்து ஊர் திரும்புகிறார்கள். நவாஃபையும் இழுத்துக்கொண்டு போய் இறக்கினேன். வெடித்த கையோடு அந்த உப்பில் இறங்கியவன் போட்ட சத்தத்தில், பக்கத்தில் நிம்மதியாக மிதந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் கவிழ்ந்துவிட்டார். தார் களிம்பு, வெளிச்ச வைத்தியம், ஈரலைக் கெடுக்கும் மாத்திரை என்று எல்லாம் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றும் கொஞ்ச நாள் சும்மா பேருக்குக் கேட்டது, அப்புறம் அதுவும் இல்லை.

கடைசியில் தலைநகரம் அம்மானில் டாக்டர் நிஸ்ரீன் என்ற பெண்மணியிடம் போய்ச் சேர்ந்தோம். ஒருவர் உடம்பில் இந்த வியாதி எவ்வளவு என்று அளப்பதற்கு அவரவர் கைதான் அளவுகோலாம். ஒரு கை அளவு என்றால் உடம்பில் ஒரு சதவீதம். ஊரையெல்லாம் கருவி வைத்து அளக்கிற என் தம்பிக்கு வியாதி அந்த அளவுகோலிலேயே வந்திருந்தது. அளக்காமலே கணக்குச் சொல்லிவிட்டார்கள், இரண்டு சதவீதம்.

அந்த இரண்டு சதவீதம் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தது பயாலஜிக் ஊசி, உயிரணுக்களிலிருந்து செய்கிற மருந்து. தோலை அவசர அவசரமாக வளரச் சொல்லி உடம்புக்குள் ஒரு தப்பான சேதி ஓடிக்கொண்டே இருக்கிறதாம். அந்தச் சேதியை நடுவழியில் மறிக்கிற வேலை இதற்கு. விலை கேட்டால் தலை சுற்றும், காப்பீட்டில்தான் வாங்க முடியும். காப்பீட்டுக் குழுவில் ஒரு கண்ணாடிக்காரர் இருந்தார். உடம்பு முழுக்க வந்தவர்களுக்கே இதை யோசித்துத்தான் கொடுக்கிறோம், வெறும் இரண்டு சதவீதத்துக்கா என்றார். டாக்டர் நிஸ்ரீன் குரலை உயர்த்தவே இல்லை.

"அந்த ரெண்டு சதவீதத்தைத்தானே சார் இவர் எல்லார்கிட்டயும் நீட்டணும். முதுகையா நீட்டுவார்?"

அந்த அம்மாவுக்கு அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன். உள்ளங்கை, நகம், தலை, மறைவிடம் எல்லாம் பரப்பில் சின்னது, பிடிவாதத்தில் பெரியது, களிம்பு உள்ளே இறங்காது, இந்த இடங்களைச் சதவீதம் வைத்துப் பேசவே கூடாது என்று அந்த மனுஷருக்கு வகுப்பே எடுத்தார். கண்ணாடிக்காரர் கையெழுத்துப் போட்டார். காசநோய் இல்லையென்று ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஊசியை ஆரம்பித்தார்கள். பேனா மாதிரி இருக்கும், தொடையில் வைத்து அழுத்தினால் போதும். என் தம்பி கண்ணை இறுக மூடிக்கொள்வான், நான்தான் அழுத்துவேன். குளிர்ப்பெட்டியில் தயிர்க்கட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் புது மாதிரிப் பாலாடைக்கட்டி என்று நினைத்து ஒருநாள் பெட்டியைப் பிரித்துவிட்டார். அதற்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

ரமலானுக்கு முன் ஆரம்பித்தது, ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் உள்ளங்கை தெளிந்துவிட்டது. நான் அந்தக் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். நகம் மட்டும் தாமதம். அது அடியிலிருந்து புதிதாக முளைத்து வர வேண்டும், பொறுமையாக இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புது நகம் அரும்பி வர வர, பழைய மஞ்சள் நகம் நுனியில் மிச்சம் நின்றது. என் தம்பி சட்டைப்பையிலிருந்து கையை எடுக்கவில்லை. கை தெளிந்ததே தவிர, கையை ஒளிக்கிற புத்தி தெளியவில்லை. கலியாணப் பேச்சை எடுத்தால், நகமும் வரட்டும் என்பான். நகம் வந்தால் வேறு எதையாவது சொல்வான் என்று எனக்குத் தெரியும்.

இப்படி இருக்கையில்தான் மாதபாவுக்குப் போனோம். எங்கள் அப்பாவின் பழைய சிநேகிதர் அபு தலால் முழங்காலில் அறுவை செய்துகொண்டு வீடு திரும்பியிருந்தார். அம்மானில் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிற வழி. நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா என்று ஒரு பெரிய தட்டு குனாஃபா இனிப்பு வாங்கினேன். தலைநகரத்துக்குப் போகிறோம் என்று பூவேலை செய்த நல்ல உடுப்பு வேறு போட்டிருந்தேன். நவாஃபும் காலையில்தான் முகம் மழித்திருந்தான். இதெல்லாம் சேர்ந்து என்ன அர்த்தம் கொடுக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கதவைத் திறந்தது அவர் மகள் மைஸூன். முப்பத்து மூன்று வயது, மகளிர் பள்ளியில் கணக்கு டீச்சர். வந்த வரன்களையெல்லாம் இவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், ரொம்பத் தலைக்கனம் பிடித்தவள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நவாஃப் இரண்டு கையாலும் இனிப்புத் தட்டைத் தாங்கிக்கொண்டு நின்றான், ஒளிக்க வழியில்லை. அவள் அவன் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், தட்டை அவன் விரலுக்குப் பக்கத்திலேயே பிடித்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் மைஸூனோடும் அவள் அம்மாவோடும் அடுத்த அறையில், கதவு பாதி திறந்தபடி. கூடத்தில் அபு தலால் காலை நீட்டிப் போட்டிருந்தார். அவருக்கு எதிரே பக்கத்து வீட்டு அபு ஸாமி. யார் வீட்டில் என்ன நடந்தாலும் அங்கே ஒரு நாற்காலியில் இவர் இருப்பார். மகன் தலால் ஏலக்காய் மணக்கிற கசப்புக் காப்பியை ஊற்றி நவாஃபிடம் நீட்டினான். நவாஃப் வலக்கையால் வாங்கினான். எதிரே அபு ஸாமி அவன் விரலையே உற்றுப் பார்த்தார். பாவம், அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை, யாரையும் எதையும் உற்றுத்தான் பார்ப்பார். இது நவாஃபுக்குத் தெரியாது. கோப்பையை அப்படியே தரையில் வைத்துவிட்டுக் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டான்.

எங்கள் பக்கம் யாரும் சும்மா கோப்பையைக் கீழே வைப்பதில்லை. ஏதோ ஒன்றைக் கேட்டு வந்தவன்தான் குடிக்காமல் வைப்பான். "குடி, வந்த காரியம் முடிந்தது" என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்த பிறகே எடுப்பான். கொலைப் பகையில் சமாதானம் கேட்கிறவனும் அப்படித்தான், பெண் கேட்கிறவனும் அப்படித்தான். அபு தலால் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன வேண்டும், தயங்காமல் சொல் என்றார். நவாஃப் சிவந்து போய் அவரையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தான். வார்த்தை வரவில்லை. அபு ஸாமிக்கு வந்தது.

"கலியாணம் ஆகாத பையன், கூடப் பொறந்தவளைக் கூட்டிக்கிட்டு, இவ்ளோ பெரிய தட்டோட வந்திருக்கான். இதுக்கு மேல வாயைத் தொறந்து வேற சொல்லணுமா?"

அபு தலாலின் குரல் இளகிவிட்டது. "உங்க அப்பன் எனக்கு அண்ணன் மாதிரிடா. என் பக்கம் தடை ஒண்ணும் இல்ல. பொண்ணு சொல்றதுதான் முடிவு. நீ குடிப்பா."

அந்த மடையன் குடித்தான். ஒரே மடக்கு. குடித்ததும் என்ன செய்தோம் என்று புரிந்து, பேந்தப் பேந்த விழித்தான்.

நான் என்ன நினைத்தேன் என்றும் சொல்ல வேண்டுமே. கதவில் ஒரு பார்வை பார்த்ததிலேயே மனசைப் பறிகொடுத்துவிட்டான், திருட்டுப் பயல், என்னிடம்கூடச் சொல்லவில்லை என்று நினைத்து உச்சி குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். மைஸூனின் அம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மைஸூன் எழுந்து சமையலறைக்குப் போனாள். வெட்கம் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். வெட்கமெல்லாம் இல்லை, அவள் குழாயடியில் நின்று குனாஃபாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு துண்டும் ஒரே அளவு.

"அக்கா, எனக்கு சம்மதம் இல்லன்னு அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

என் தம்பிக்கு என்ன குறைச்சல் என்று எகிறினேன். எனக்குக் கோபம் வந்தால் எதிரே நிற்பது யார், யார் வீடு என்றெல்லாம் பார்க்க மாட்டேன்.

"குறைச்சல்னு நான் சொன்னேனா? அவர் என்னைக் கேக்க வரல. நகத்தை யாரோ பாக்கறாங்கன்னு கோப்பையைக் கீழ வெச்சார், அவ்வளவுதான். இப்ப அவரால இல்லன்னு சொல்ல முடியாது, சொன்னா எங்க அப்பாவுக்கு அவமானம். நான் வேண்டாம்னு சொல்லிட்டா எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போகலாம். எனக்கு இது பழக்கம்தான்."

முப்பத்தாறு வருஷமாகக் கூடவே இருக்கிற எனக்குப் புரியாதது, வாசலில் ஒரு தட்டை வாங்கியவளுக்கு எப்படிப் புரிந்தது? ஒரு வாரம் பொறு, ஒரு தடவை அவனோடு உட்கார்ந்து பேசு, அப்புறம் என்ன சொன்னாலும் சரி என்று அவள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். சம்மதிப்பதற்கு முன் பெண்ணும் பையனும் பார்த்துப் பேசுவது வழக்கம்தானே. ரொம்ப யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

திரும்புகிற வழியில் நவாஃப் ஒரே புலம்பல். மாமா குடிக்கச் சொன்னார், நான் குடித்தேன், வேறு என்ன செய்ய முடியும் என்று அதையே சொன்னான். நன்றாகத் திட்டிவிட்டு மைஸூன் சொன்னதைச் சொன்னேன். முஜீப் பள்ளத்தாக்கின் வளைவில் வண்டியை ஓரம் கட்டிவிட்டான். நகம் என்றா சொன்னாள் என்று கேட்டான். ஆமாம் என்றேன். வேறு என்ன சொன்னாள் என்று கேட்டான். சொன்னதையெல்லாம் மறுபடியும் சொன்னேன். கண்ணாடி வழியாகப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நகத்தைப் பாத்தா அக்கா. பாத்துட்டுத்தான் தட்டை வாங்கினா. கை நகரவே இல்ல." பிறகு வண்டியைக் கிளப்பிவிட்டு, "அடுத்த வாரம் என்னிக்குப் போலாம்?" என்றான்.

அந்த வாரம் முழுக்க அவன் தினமும் முகம் மழித்தான். நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன், அதற்கு எவ்வளவு பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். எனக்குள்ளேயும் பயம் இருந்தது. இவன் ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டு ஆறு வருஷம் ஆகிறது. இந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அந்தக் கை மறுபடி பைக்குள் போனால், என்னாலும் டாக்டராலும் எந்த ஊசியாலும் அதை வெளியே எடுக்க முடியாது.

இந்தத் தடவை எங்கள் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அவர் கூடத்தில் அபு தலாலோடு உட்கார்ந்தார். அபு ஸாமியும் இருந்தார் என்று சொல்லத் தேவையில்லை. கூடத்துக்கு எதிர்த்தாற்போல் ஒரு சின்ன அறை, கதவு திறந்தபடி. அதில் நவாஃப் ஒரு பக்கம், மைஸூன் ஒரு பக்கம், காவலுக்கு நான் நடுவில். மணல் நிறத்தில் முக்காடு போட்டிருந்தாள். போன வாரமும் அதே மாதிரி வெளிர் நிறம்தான். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"போன வாரம் நீங்க எனக்காக வரல."

"வரல. உங்க அப்பா முழங்காலைப் பாக்கத்தான் வந்தேன்," என்றான் என் தம்பி. உண்மை பேசுகிறதுக்கும் ஒரு நேரம் காலம் இல்லையா? அவன் தொடையைக் கிள்ளினேன்.

"இன்னிக்கு?"

"இன்னிக்கு அவர் முழங்கால் நல்லாத்தானே இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். தலைக்கனம் என்று சொன்னவர்கள் யாரும் அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்க மாட்டார்கள். சிரித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டு, தனக்கும் அதே வியாதி இருப்பதாகச் சொன்னாள். தலையில். கல்லூரிக் காலத்திலிருந்து.

பிறகு மிச்சத்தையும் சொன்னாள். கறுப்பு முக்காடு போட்டால் செதில் உதிர்ந்து தெரியும் என்று வெளிர் நிறத்தைத் தவிர வேறு போட்டதே இல்லையாம். பெண்கள் மட்டும் கூடுகிற கலியாண விருந்துகளில் எல்லாரும் முக்காட்டைக் கழற்றிவிட்டு முடியை அவிழ்த்துப்போட்டு ஆடும்போது, இவள் மட்டும் காதுவலி என்று சொல்லிக் கட்டிய துணியோடு உட்கார்ந்திருப்பாளாம். பெண் பார்க்க வருகிற மாமியார்கள் முதலில் கேட்பது முடியைத்தான். அதனால் யாரும் கேட்பதற்கு முன்னால் இவளே வேண்டாம் என்று சொல்லிவிடுவாளாம். என் தம்பியின் நோயை ஊரே பார்த்தது, இவளுடையதை ஒருத்தரும் பார்த்ததில்லை. எது கொடுமை என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஊசி போட்டுக்கொள்ளவில்லையா என்று நவாஃப் கேட்டான்.

"அது உடம்பு பூரா இருக்கறவங்களுக்குன்னு நினைச்சேன். கணக்கு டீச்சர் நான். தலை உடம்புல எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா?"

என் தம்பி அன்றைக்குப் பேசியது போல் அதற்கு முன் பேசி நான் கேட்டதில்லை. கண்ணாடிக்காரரைச் சொன்னான், முதுகையா நீட்டுவார் என்று டாக்டர் கேட்டதைச் சொன்னான், தலையும் அந்தப் பட்டியலில் உண்டு என்று சொன்னான். நானே ரெண்டு சதவீதம்தான் என்றான். பேசுகிற வேகத்தில் இரண்டு கையையும் மேசைமேல் வைத்திருந்தான். நுனியில் மஞ்சள், அடியில் ரோஜா நிறத்தில் புது நகம், பத்து விரலும் அவள் கண்ணெதிரே. வைத்ததே அவனுக்குத் தெரியவில்லை.

அவள் அந்தக் கைகளை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எழுந்துவிட்டாள்.

"காதால கேட்டுட்டுப் பெரிய மனசு காட்டறது சுலபம். உங்களால பாக்க முடியாது, அது முறையில்ல. அக்கா வந்து பாக்கட்டும். பாத்ததைப் பாத்தபடி, குறைக்காம உங்ககிட்ட சொல்லட்டும். அப்புறம் நீங்க எழுந்து போனா நான் தப்பா நினைக்க மாட்டேன்."

உள்ளறைக்குக் கூட்டிப்போய் வெளிச்சம் விழுகிற இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முக்காட்டை அவிழ்த்தாள். அதில் குத்தியிருந்த ஊசிகளை நான் எடுத்துவிட்டேன். நெற்றி ஓரத்திலிருந்து உச்சிவரை தடித்த வெள்ளைப் பாளங்கள், காதுக்குப் பின்னால் சிவந்த வெடிப்பு, ஒரு கையகலத்துக்கு முடியே மெலிந்து போயிருந்தது. மிச்ச முடி இடுப்புவரை கறுகறுவென்று கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. அவள் திரும்பாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே, போய்ச் சொல்லுங்கக்கா என்றாள்.

எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் வெளியே வந்தேன். குறைத்துச் சொன்னால் அவளுக்குத் துரோகம், கூட்டிச் சொல்லவோ தேவையே இல்லை. நவாஃப் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினான்.

"நீ ஒண்ணும் சொல்லாதே. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ராத்திரியில அரிக்குதா, தூக்கம் கெடுதான்னு மட்டும் கேட்டுட்டு வா."

திரும்பிப் போனேன். அவள் முக்காட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தீர்ப்புக் கேட்கிறவள் முகம். தம்பி கேட்கச் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். உதடு கோணியது. கண்ணீர் மளமளவென்று கொட்டியது, துடைக்கவே இல்லை.

"பதிமூணு வருஷத்துல இதை யாரும் கேட்டதில்லக்கா. எங்க அம்மாகூட என்ன எண்ணெய் தடவினேன்னுதான் கேப்பாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆமாம்னு சொல்லுங்க. ஆமாம்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அறை வாசலிலிருந்தே, கூடத்தைத் தாண்டி என் தம்பிக்குக் கேட்கிற மாதிரி, "ஆமாங்கிறா!" என்று சொல்லிவிட்டேன். எனக்குக் குரல் கொஞ்சம் பெரிசு, அது ஊரறிந்தது.

கூடத்தில் அபு தலால் முழங்கால் வலியை மறந்து எழுந்து நின்றார். அல்ஹம்துலில்லாஹ் என்றார். அபு ஸாமி, வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள் கையை ஏந்தி ஃபாத்திஹாவை ஆரம்பித்துவிட்டார். எங்கள் சித்தப்பா ஓதினார், தலால் ஓதினான், சமையலறையிலிருந்து மைஸூனின் அம்மா போட்ட குலவை தெருமுனைவரை போயிருக்கும். ஃபாத்திஹா ஓதியாகிவிட்டால் நிச்சயம் ஆன மாதிரிதான். சின்ன அறையில் என் தம்பி பாதி எழுந்து, பாதி உட்கார்ந்து, ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான். அவன் கேட்டது அரிப்பைப் பற்றி.

இரண்டாம் தடவையும் அதே வீட்டில் அதே குளறுபடி, இந்தத் தடவை என் வாயால். பெண்ணிடம் சம்மதம் கேட்காமலே கலியாணத்தை முடித்துவிட்டேனே என்று பதறிக்கொண்டு உள்ளறைக்கு ஓடினேன். அவள் கண்ணாடி முன்னால் நின்று முக்காட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு ஊசியைக் கடித்திருந்தாள், கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை. வெளியே நடந்தது முழுவதும் காதில் விழுந்திருக்கிறது. அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள், இப்போதே போய் நிறுத்திவிடுகிறேன் என்றேன்.

அவள் வாயிலிருந்த ஊசிகளை எடுத்தாள்.

"விடுங்கக்கா. அப்பா காதுல சரியாத்தான் விழுந்திருக்கு."